பனியின் மேல் போட்ட பழி

ஒஸ்லோவின் ஐந்தாம் இலக்க மெட்ரோ முடிகிற இடம் வெஸ்ட்லி. அதற்கு முந்தியது ஸ்டோவ்னர். அதற்கும் முந்தியது ரொம்மன். வெஸ்ட்லியிலிருந்து ரொம்மனுக்கு ஆறுதலாக நடந்தே போய்விடலாம். ஆனாலும் இந்த இரண்டு இடத்துக்கும் தனித்தனி வானிலை உண்டு என்பதில் பத்மநாதனுக்கும் சபாரத்தினத்துக்கும் ஒருநாளும் ஐயம் வந்ததில்லை. வெஸ்ட்லிக்குப் பத்மநாதன் பொறுப்பு, ரொம்மனுக்குச் சபாரத்தினம் பொறுப்பு. ஓய்வூதியம் எடுத்த நாள் முதலாகக் காலைத் தேநீர் ஆறுவதற்குள் ஒருவரை ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தத்தமது ஜன்னலுக்கு வெளியே நடப்பதை அறிவித்து வந்தார்கள். சம்பளமில்லாத உத்தியோகம். ஆகவே விடுமுறையும் இல்லை.

"இஞ்சை கொட்டுது. உங்கை என்ன மாதிரி?"

"இஞ்சையும் கொட்டுது. ஆனால் இது நல்ல பஞ்சுப் பனி மச்சான்."

"அதென்னடா, ரொம்மனுக்கு மட்டும் தனிப் பஞ்சு?"

"நீ ஒன்பதாம் மாடியிலை நிண்டு பாக்கிறாய். அங்கை வாறது வடிகட்டாத பனி. எங்களிட்டை வரேக்கை நல்லா அரிச்சுத்தான் வரும்."

இந்த அறிக்கை முடிந்த பிறகுதான் பத்மநாதன் முகம் கழுவுவார்.

எழுபத்தொரு வயது. நெடிய ஆள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம், ஒரு சின்ன வீட்டளவு பெரிய யந்திரங்களுக்கு நடுவில் நின்று நகரத்து நோயாளிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்தவர். காதுக்குப் போட ஒரு கவசம் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால், தான் முணுமுணுக்கிற பாட்டுத் தனக்கே கேட்பதில்லை என்ற காரணத்தால், சங்கீதத்தின் நன்மை கருதி, அதைக் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டிருந்தார். அந்தக் கவசத்துக்கு அதைவிடப் பெரிய மரியாதையை வேறு யாரும் செய்திருக்க முடியாது.

பாடகர் என்றால் சும்மா பாடகர் இல்லை. எண்பதுகளின் நடுவில் பத்மநாதனும் சபாரத்தினமும் ஒரே விமானத்தில் வந்து இறங்கி, நாட்டின் வட உச்சியில் பின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் சேர்ந்தார்கள். சபாரத்தினம் கொண்டு வந்த பெட்டியில் உடுப்பென்று சேட்டு இரண்டு, மிச்சமெல்லாம் ஆர்மோனியம். ஐப்பசி முடியச் சூரியன் ஒருநாள் போனது போனதுதான். இரண்டு மாதம் தலைகாட்டவில்லை. கொட் மீனின் தலையை வெட்டியபடி பத்மநாதன் ஒரு பாட்டைக் கட்டினார்.

*எங்கை போனாய் சூரியனே, லீவு எழுதிக் குடுத்தனியோ?*
*ஆரைக் கேட்டுப் போனனியோ, ஆர் உனக்குக் கையெழுத்தோ?*

சபாரத்தினம் அதற்கு மெட்டுப் போட்டார். ஒரு மீன்பெட்டி தாளம் போட்டது. ஒன்றரைக் கட்டைச் சுருதியில் எடுத்து, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ஒழுங்காக நடக்கிற உருப்படி. அன்றிலிருந்து நோர்வேத் தமிழரின் கலியாணம், பிறந்தநாள், ஒன்றுகூடல் எதிலும் அந்தப் பாட்டு இல்லாமல் சோறு பரிமாறினதில்லை. வருடாவருடம் ஆனி மாதம், பள்ளிக்கூட விடுமுறை தொடங்குமுன், ஸ்டோவ்னரில் ஒரு மண்டபத்தில் மூத்தோர் ஒன்றுகூடல் நடக்கும். அதைத் தொடக்கிவைப்பது இந்தப் பாட்டு. பாட்டைத் தொடக்கிவைப்பது பத்மநாதன். மங்கள விளக்குக்கூட அதற்குப் பிறகுதான்.

பின்மார்க்கில் அவர் கற்ற இன்னொரு விசயமும் உண்டு. முதல் பனி விழுந்த காலை, விடுதிக்கு வெளியே வந்த பத்மநாதனுக்குத் தன் சப்பாத்துச் சத்தம் கேட்கவில்லை. லொறி ஒன்று பேய் மாதிரிச் சத்தமில்லாமல் கடந்து போனது. பயந்துபோய் உள்ளே ஓடினார். மேற்பார்வையாளர் சிரித்துவிட்டு, பனி சத்தத்தைத் தின்னும் என்று சொன்னார். அந்த ஒரு வசனத்தைப் பத்மநாதன் ஒரு விஞ்ஞானப் பட்டம் போலப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். நாற்பது வருடம் கழித்து அது கைகொடுத்தது.

ஏனென்றால், போன மாரிக்கு, பனி தொடங்கினதும், வெஸ்ட்லியில் கடுமையான அமைதி விழுந்தது.

முதலில் குக்கரின் விசில் நின்றது. பிறகு வாசல் மணி. பிறகு சிவமலர் குசினியிலிருந்து சொல்வதெல்லாம் நின்றது. இந்தக் கடைசி ஒன்று மட்டும் வெகுநாள் அவருடைய கவனத்துக்கு வரவில்லை.

"இஞ்சேருங்கோ, மூண்டு தரம் கூப்பிட்டனான். காதிலை விழேல்லையே?" என்று சிவமலர் அவருக்கு முன்னால் வந்து நின்று கேட்டார்.

"இந்த வருசம் பனி கூட, மலர்."

"பனி வெளியிலையெல்லோ? நான் குசினிக்கை நிண்டு கூப்பிட்டனான்."

"வெளியிலை அவ்வளவு கிடந்தால் உள்ளையும் கொஞ்சம் இழுக்கும்."

சிவமலர் முப்பத்தெட்டு வருடத்துக் குடும்ப வாழ்க்கையில் தேர்ந்தவர். பனியோடு வாதாடவில்லை. கைப்பேசியை எடுத்து மகள் தர்மிகாவிடம் மெல்லிய குரலில் ஏதோ கதைத்தார். மெல்லிய குரலுக்கு அவசியமே இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தர்மிகா வந்தாள். "அப்பா, எங்கடை குடும்ப டொக்டர் ஃபாஸ்ட்லெகேயிட்டை போய் ஒருக்கால் காதைக் காட்டுவம். ஒரு ஹோர்செல்டெஸ்ட், அவ்வளவுதான். காதுக்குள்ளை சத்தம் விட்டுப் பாப்பினம். நோகாது."

"எனக்கென்ன குறை? இந்தச் சபாரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு போ. அவனுக்குத்தான் காது மந்தமாகிக்கொண்டு வருது. போனிலை என்ன கத்துக் கத்துறான் தெரியுமே!"

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கும் சத்தம் இல்லாததால் பத்மநாதன் அதைப் பொருட்படுத்தவில்லை.

தன் பக்கத்துக்குச் சாட்சியும் வைத்திருந்தார். நேர்கீழே எட்டாம் மாடியில் பெரிட் என்கிற வயதான நோர்வேப் பெண்மணி தனியாக இருந்தார். மாசி மாதம் ஒருநாள் லிஃப்டில் அவர் பத்மநாதனைப் பார்த்து மிகவும் பணிவாகச் சிரித்து, "உங்கள் பாட்டுகள் எங்கள் வீட்டில் நன்றாகக் கேட்கின்றன. ஒவ்வொரு சொல்லும்," என்று நோர்வே மொழியில் சொன்னார். இந்த நாட்டில் ஒருவர் அயலவரிடம் இப்படிச் சொல்கிறார் என்றால், பொலிசுக்கு அறிவிப்பதற்கு ஒரு படி முன்னால் நிற்கிறார் என்று அர்த்தம். பின்மார்க்கிலும் சலவைக்கூடத்திலும் உரத்துக் கதைக்கிற மனிதர்களோடு வாழ்ந்த பத்மநாதனுக்கு அந்த மரியாதையின் அகராதி தெரியாது. நெகிழ்ந்து போனார்.

"கீழ்வீட்டு மனிசி பெரிய சங்கீத ரசிகை," என்று சிவமலரிடம் அறிவித்தார். "பாவம், தனியா இருக்குது. நல்லாக் கேக்கட்டும்." பின்னேரங்களில் பாட்டுப் போடுகிற ஒலிபெருக்கியை இன்னும் இரண்டு புள்ளி கூட்டி, கட்டிலை விட்டு இறக்கி, நிலத்தோடு வைத்தார்.

சனிக்கிழமைகளில் சபாரத்தினம் ஆர்மோனியத்தோடு வருவார். மனைவி போன பிறகு அவருக்குச் சனி மத்தியானச் சாப்பாடு வெஸ்ட்லியில்தான். சாப்பிட்டு முடிய, ஆனி மாத ஒன்றுகூடலுக்கு ஒத்திகை. பத்மநாதன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றரைக் கட்டையில் பல்லவியை எடுப்பார். அமைதியான மாரி குரலுக்கு நல்லது போல. இந்த வருடம் குரல் எங்கும் முட்டாமல் தன்பாட்டில் போனது. இடையிடையே கண்ணைத் திறந்தால்தான் ஒரு கவலை. சபாரத்தினத்தின் விரல்கள் நடுப்பாட்டில், சரணத்தின் இரண்டாவது வரியில், இருந்த கட்டைகளை விட்டு அடுத்த கட்டைகளுக்குத் தாவின. நாற்பது வருடமாகச் சூரியனுக்கு வாசித்த விரல்கள் அங்கே போக வேண்டிய தேவை இல்லை.

"கையிலை வாதம் பிடிச்சிட்டுது அவனுக்கு," என்று பத்மநாதன் இரங்கினார். "விரல் ஒரு இடத்திலை நிக்குதில்லை."

"கேட்டுப் பாத்தனீங்களே?" என்றார் சிவமலர்.

"கேட்டால் வெக்கப்படுவான். வாசிப்புத்தானே அவன்ரை உயிர்."

ஸ்டோவ்னர் தமிழ்க் கடையில் வாத எண்ணெய் ஒரு போத்தல் வாங்கி, அடுத்த சனி அதை நண்பனின் கையில் திணித்தார். "விடிய எழும்பினோண்ண நல்லாச் சூடு பறக்கத் தேய். ஆனி வரைக்கும் விடாதை. நான் உன்னை விட்டிட்டு மேடை ஏற மாட்டன், விளங்குதோ?"

சபாரத்தினம் போத்தலைப் பார்த்தார். சிவமலரைப் பார்த்தார். பிறகு, "ஓம் மச்சான், அங்கை இங்கை குத்துது தான்," என்று சொல்லி எண்ணெயைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைய ஒத்திகை முடிய, "என்ன மாதிரிப் போச்சு?" என்று பத்மநாதன் கேட்டதற்கு, "உன்ரை குரலுக்கு என்னடா குறை!" என்று கத்தினார். அது உண்மை. குரலுக்கு ஒரு குறையும் இல்லை.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. வெஸ்ட்லிப் பனி முதலில் கறுத்து, பிறகு சுருங்கி, கடைசியில் வாகனத் தரிப்பிடத்தின் மூலையில் ஓர் அழுக்குத் தலையணை அளவுக்கு வந்து நின்றது. பத்மநாதன் அதைத் தினமும் ஒன்பதாம் மாடியிலிருந்து கவனித்தார். அந்தத் தலையணை இருக்கும் மட்டும் அவருக்கு நியாயம் இருந்தது. ஒரு மழை வந்து அதையும் கொண்டு போனது.

அன்று பின்னேரம் பல்கனிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். கம்பியில் ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. கரிய உடம்பு, மஞ்சள் அலகு. சித்திரை பிறந்தால் இந்தப் பகுதியையே பாடி எழுப்புகிற பறவை. பத்மநாதன் தனக்கு நிகராக ஏற்றுக்கொண்ட ஒரே நோர்வேப் பாடகர். கைநீட்டினால் தொடலாம். அலகு திறந்தது. தொண்டை புடைத்தது. வால் நடுங்கியது. அலகு மூடித் திறந்தது. மறுபடி தொண்டை புடைத்தது.

ஒன்றும் வரவில்லை.

பத்மநாதன் வாகனத் தரிப்பிடத்தை எட்டிப் பார்த்தார். நிலம் காய்ந்து கிடந்தது. பறவை முழுக் கச்சேரியையும் முடித்துவிட்டுப் பறந்து போனது. அவர் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவமலர் தேநீரோடு வந்தபோது, "மலர், பனி போயிட்டுது," என்றார்.

"ஓம். போயிட்டுது."

"சத்தம் திரும்பி வரேல்லை."

இந்தத் தருணத்துக்காக ஒரு முழு மாரி காத்திருந்த பெண், தேநீரை அவர் கையில் கொடுத்து, மற்றக் கதிரையை இழுத்து அவருடைய நல்ல காதுப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். நல்ல காது எதுவென்று அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது.

"நான் பாடுறது சரியோ பிழையோ எண்டு எனக்கே தெரியாமல் எப்பிடி மேடை ஏறுறது?" என்றார் பத்மநாதன். "அந்தப் பாட்டை நான் பிழையாப் பாடினால்... அது அவன்ரை மெட்டெல்லோ."

"அதுக்குத்தான் பிள்ளை சொல்லுறாள். காட்டுவம்."

காட்டினார்கள். யாரோ வராமல் விட்ட நேரம் ஒன்று தர்மிகாவின் கெட்டித்தனத்தால் கிடைத்தது. காதுக்குப் பின்னால் அவரைக்கொட்டை அளவில் இரண்டு கருவிகள். பத்மநாதன் ஒரு நிபந்தனை வைத்தார். "சபாரத்தினத்துக்குத் தெரியக்கூடாது. கையிலை வாதத்தோடை அந்தரப்படுறவன். பாட்டுக்காரன் செவிடு எண்டு கேட்டால் அவன் தாங்க மாட்டான்." ஒன்றுகூடல் வரைக்கும் தொண்டைக்கட்டு என்று சொல்லி ஒத்திகையைத் தள்ளிப்போட்டார். வெளியே போனால் காதை மூடிக் கம்பளித் தொப்பி. வைகாசி வெயிலில் கம்பளித் தொப்பியோடு ஸ்டோவ்னர் கடைத்தெருவில் நடந்த ஒரேயொரு மனிதர் என்ற பெருமை அவருக்கு உரியது.

கருவி போட்ட முதல் நாள் வீடு சந்தையாக இருந்தது. குளிர்சாதனப் பெட்டி உறுமியது. செருப்பு நிலத்தில் தேய்வது கேட்டது. சிவமலரின் காப்பு, அவர் ரொட்டிக்கு மாக் குழைக்கும்போது, சின்னச் சின்னதாகச் சிரித்தது. அதைக் கேட்டுக்கொண்டு குசினி வாசலில் நெடுநேரம் நின்றார்.

"என்ன வேணும்?"

"ஒண்டுமில்லை. குழை, குழை."

பின்னேரம் வழக்கம் போலப் பாட்டுப் போட ஒலிபெருக்கியை அமுக்கினார். அமுக்கியவர் கட்டிலில் சரிந்தார். சுவரில் தொங்கிய கலியாணப் படம் ஆடியது. பாட்டை நிற்பாட்டிய பிறகு நிலத்தைப் பார்த்தார். நிலத்துக்குக் கீழே எட்டாம் மாடி இருப்பது நினைவுக்கு வந்தது. லிஃப்டில் பார்த்த அந்தப் பணிவான சிரிப்பும் வந்தது. இந்த முறை அகராதி தேவைப்படவில்லை.

சிவமலர் சுட்டுக் கொடுத்த உளுந்து வடையோடு கீழே இறங்கிப் போனார். கதவைத் திறந்த பெரிட்டிடம் தன் காதையும் கருவியையும் காட்டி மன்னிப்புக் கேட்டார். பெரிட் வடையை வாங்கிக்கொண்டு, முதலில் தான் மிகவும் கஷ்டப்பட்டதாகவும், பங்குனி அளவில் பழகிப்போனதாகவும், இப்போது சனிக்கிழமைகளில் அந்தச் சூரியன் பாட்டு வராதது ஏனென்று யோசித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். பாட்டு சூரியனைப் பற்றியது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று பத்மநாதன் கேட்டார். ஜன்னலைப் பார்த்துப் பார்த்துக் கோபிக்கிற மாதிரி ஒரு மெட்டு, மாரியில் வேறு யாரைக் கோபிப்பது என்றார் பெரிட். பத்மநாதன் அவரை ஒன்றுகூடலுக்கு அழைத்துவிட்டு மேலே வந்தார்.

ஆனி மாதச் சனிக்கிழமை. ஸ்டோவ்னர் மண்டபத்தில் வரிசை வரிசையாக நரைத்த தலைகள். மூன்றாம் வரிசையில் சேலைகளுக்கு நடுவில் பெரிட். மேடையில் சபாரத்தினம் ஆர்மோனியத்தை விரித்து, கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார். பத்மநாதனின் தொப்பியைப் பார்த்து, "என்னடா கோலம் இது?" என்றார்.

"தடிமன்."

"வெளியிலை இருவத்தாறு பாகை."

"அது ரொம்மனிலை. வெஸ்ட்லியிலை குளிர்."

ஆர்மோனியம் ஒன்றரைக் கட்டையைப் பிடித்தது. பத்மநாதன் கண்ணை மூடினார். பல்லவி. ஒரு முழு மாரிக்குப் பிறகு தன் குரலும் அந்தப் பெட்டியின் குரலும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் படிவதைக் கேட்டார். அனுபல்லவி. பிசகில்லை. சரணத்தின் முதல் வரி. இரண்டாவது வரியில், சுருதி காலுக்குக் கீழிருந்து நழுவியது.

ஆர்மோனியம் அரைக் கட்டை மேலே போய்விட்டது.

கண்ணைத் திறந்தார். அவர் சரியான இடத்தில் நின்றார், பிழை விட்டது சபாரத்தினம். அந்த விரல்கள் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், வழிதெரிந்த மாடு மாதிரி, அடுத்த கட்டைகளுக்குப் போயிருந்தன. வாதம் பிடித்த விரல் இவ்வளவு சுத்தமாகப் போகாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே வரியில், அதே இடத்துக்கு, தான் ஏறிப்போன இடத்துக்குத் துணையாக அவை ஏறி வந்திருக்கின்றன என்பது பத்மநாதனுக்கு அப்போதுதான் கேட்டது.

மண்டபத்தில் சில தலைகள் நிமிர்ந்தன. பிழை யாருடையது என்று கண்டுபிடிக்கச் சங்கீதம் தெரிந்த இரண்டு பேர் காதைத் தீட்டினார்கள். இருந்த இடத்திலேயே நின்று பாடியிருந்தால், பத்மநாதன் சரி, சபாரத்தினம் பிழை. ஒரு மூச்சு எடுத்து அவர் அரைக் கட்டை மேலே ஏறினார்.

அதே நேரம், குரல் கீழேயே நிற்பதைக் கேட்டுத் திடுக்கிட்ட சபாரத்தினம் அரைக் கட்டை கீழே இறங்கினார்.

பத்மநாதன் இறங்கினார். சபாரத்தினம் ஏறினார். படிக்கட்டில் ஒருவருக்கொருவர் வழிவிடுகிற இரண்டு மரியாதைக்காரர் மாதிரிச் சூரியனை நடுவில் விட்டுவிட்டு இருவரும் ஏறி இறங்கினார்கள். மூன்றாவது தடவை கண்கள் சந்தித்தன. பத்மநாதன் தொப்பியைக் கழற்றினார். சபாரத்தினம் அந்தக் காதைப் பார்த்தார். ஒரு கணம் துருத்தியில் காற்று நின்றது. பிறகு அவர் தலையை ஆட்டி, ஒன்றரைக் கட்டையில் விரல்களை ஊன்றி, அங்கேயே இருந்தார். பத்மநாதன் அங்கே வந்து சேர்ந்தார்.

கைதட்டல் பலமாக இருந்தது. ஏறி இறங்கிய இடம், பின்மார்க்கில் சூரியன் அடிவானத்தில் எட்டிப் பார்த்துத் திரும்பிப் போவதைக் குறிக்கும் நுட்பம் என்று செயலாளர் நன்றியுரையில் விளக்கினார். யாரும் மறுக்கவில்லை.

மறுநாள் காலை, தேநீர் ஆறுவதற்குள், ரொம்மனுக்கு மணி அடித்தது.

"இஞ்சை மழை," என்றார் பத்மநாதன். "உங்கை?"

"இஞ்சையும் மழைதான்." சபாரத்தினம் இந்தமுறை கத்தவில்லை. சாதாரணக் குரலில் சொன்னார். அந்தக் குரல் இவ்வளவு கிழடு தட்டியிருந்தது பத்மநாதனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"சபா. நான் சுருதி விட்டுப் போறன் எண்டு ஏன்டா சொல்லேல்லை?"

"சொன்னால் நீ பாட்டை நிப்பாட்டிப் போடுவாய். பேந்து சனிக்கிழமையிலை நான் எங்கை போறது?"

தொலைபேசியில் இரு பக்கத்து மழையும் கேட்டது. வெஸ்ட்லியில் ஒரு மாதிரி, ரொம்மனில் ஒரு மாதிரி.

"அப்ப உனக்கு வாதம் இல்லை."

"இல்லை."

"அந்த எண்ணெய்?"

"நாலு மாசம் ஒவ்வொரு நாளும் விடியத் தேய்ச்சனான்."

"வாதமில்லாமல் ஏன்டா விசரா தேய்ச்சனி?"

"நீ சொன்னனியெல்லோ, சூடு பறக்கத் தேய் எண்டு," என்றார் சபாரத்தினம். "போத்தல் முடிஞ்சு போச்சு மச்சான். சனிக்கிழமை வரேக்கை இன்னொண்டு வாங்கி வை."